பத்து நாள் மௌனம் இருந்தால் குடி போய்விடுமா?

கேள்வி, டிசம்பர் 20

தம்பிக்கு 36 வயது. சிங்கப்பூரிலிருந்து திரும்பி வந்த பிறகு தினமும் குடி. இப்போதெல்லாம் காலையில் எழுந்ததும் ஒரு கட்டிங் போட்டால்தான் கை நடுக்கம் நிற்கிறது. பத்து நாள் பேசாமல் உட்கார வைக்கும் தியான முகாமில் விட்டால் குடி மறந்துவிடும் என்று ஆத்தாவிடம் யாரோ சொல்லிவிட்டார்கள். அடுத்த வாரமே அனுப்ப வேண்டும் என்று நிற்கிறார்கள். அனுப்பலாமா? பட்டவர்கள் யாராவது சொல்லுங்கள். பள்ளத்தூரிலிருந்து எழுதுகிறேன்.

டிசம்பர் 20, இரவு

இப்போது அனுப்ப வேண்டாம் ஆச்சி. காலையில் கை நடுங்குகிறது என்று எழுதியிருக்கிறீர்களே, அந்த ஒரு வரி போதும். அது மனசு சம்பந்தப்பட்டதில்லை, உடம்பு சம்பந்தப்பட்டது. தினமும் குடித்துப் பழகிய உடம்பில் திடீரென்று நிறுத்தினால் முதல் நாளே வியர்வை, படபடப்பு, தூக்கமின்மை. இரண்டு நாளுக்குள் வலிப்பு வரலாம். இரண்டாம் நாளிலிருந்து நான்காம் நாளுக்குள் சிலருக்குச் சித்தம் கலங்கும். இல்லாத எறும்பு சுவரில் ஊரும், எப்போதோ செத்துப்போன பெரியப்பச்சி முகப்பில் வந்து உட்கார்ந்திருப்பார். சிகிச்சை இல்லாமல் விட்டால் உயிரே போகலாம். மூச்சைப் பார் என்று சொல்லும் இடத்தில் வலிப்பு வந்தால் யார் பார்ப்பது?

முதலில் மனநல மருத்துவர். சிவகங்கை மருத்துவக் கல்லூரி மருத்துவமனை உங்களுக்குப் பக்கம்தான். எங்கே போவது என்று தெரியாவிட்டால் 14446, இல்லை 14416. இரண்டுக்கும் காசு கிடையாது.

இன்னொன்று. தெருமுனை கிளினிக்கில் ஒரு பாட்டில் குளுக்கோஸ் ஏற்றினால் தெளிந்துவிடும் என்று கூட்டிப் போய்விடாதீர்கள். நெடுநாள் குடித்தவர்களுக்கு பி1 என்கிற தயமின் சத்து வற்றிப்போயிருக்கும். அதைக் கொடுக்காமல் வெறும் குளுக்கோஸ் ஏற்றினால் மூளைக்குப் பாதிப்பு வரலாம். பி1 ஊசி போட்டீர்களா என்று நீங்களே வாய்விட்டுக் கேளுங்கள்.

டிசம்பர் 21

"நீங்கள் என்ன டாக்டரா?" என்று ஒருவர் கேட்டிருக்கிறார். நியாயமான கேள்வி. இல்லை. காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருவில் பழைய சாமான் கடை வைத்திருக்கிறேன். எனாமல் தூக்கு, மரவை, பர்மா தேக்கு நிலைக்கதவு, ரவிவர்மா பிரிண்ட், எல்லாம் கிடைக்கும். காலையில் கடை திறந்தால் மத்தியானம் வரை ஒரு ஆள் வரமாட்டார். டாஸ்மாக் திறப்பது மத்தியானம் 12 மணிக்கு. அந்த 12 மணிக்காக எத்தனை வருடம் கடிகாரத்தைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தேன் என்பதுதான் இந்த விஷயத்தில் என் படிப்பு.

என்னையும் ஆஸ்பத்திரியில்தான் போட்டார்கள். மேலே எழுதிய எறும்பு நான் பார்த்த எறும்பு. பக்கத்துக் கட்டில்காரரிடம் போர்வையை உதறச் சொல்லிச் சண்டை போட்டிருக்கிறேன். மாத்திரை கொடுத்தார்கள், பி1 ஊசி போட்டார்கள், தூங்க வைத்தார்கள். தியானம் என்று யாராவது அந்த வாரம் பக்கத்தில் வந்திருந்தால் அடித்திருப்பேன்.

உடம்பு தேறிய பிறகு அங்கே இருந்த ஆலோசகர் ஒரு பெண், வயதில் என்னைவிட ரொம்பச் சின்னவர், ஒரு மூன்று நிமிஷ வேலை சொல்லிக் கொடுத்தார். நில். என்ன நடக்கிறது என்று பார். மூச்சைக் கவனி. கவனத்தை உடம்பு முழுக்க விரி. அப்புறம் என்ன செய்வது என்று முடிவு செய். "இதுக்கா மூவாயிரம் கட்டினோம்" என்றுதான் அப்போது தோன்றியது. ஆஸ்பத்திரியை விட்டு வந்து பல மாதம் கழித்து, கடை ஷட்டரை இறக்கிக்கொண்டிருக்கும்போதுதான் அது என்னவென்று புரிந்தது. அதைத் தனியாக எழுதுகிறேன், இப்போது ஆள் வந்துவிட்டார்.

டிசம்பர் 23

சரி, ஷட்டர் கதை.

ராத்திரி எட்டு மணிக்குக் கடை அடைப்பேன். கடையிலிருந்து வீட்டுக்கு இரண்டு வழி. ஒன்றில் டாஸ்மாக் இருக்கிறது. நிறுத்திய பிறகும் கால் அந்தப் பக்கம்தான் திரும்பும். நான் திருப்பவில்லை, அதுவாகத் திரும்பும். குடிக்கலாம் என்று முடிவெடுத்து எந்தக் குடிகாரனும் போவதில்லை. போய் நின்ற பிறகுதான் வந்துவிட்டோம் என்றே தெரியும்.

அன்றைக்கு ஷட்டர் பாதி இறங்கியிருக்கிறது. நாக்குக்கு அடியில் எச்சில் ஊறுகிறது. தாடை இறுகுகிறது. கெண்டைக்கால் பரபரக்கிறது. நெஞ்சில் ஒரு அவசரம், ரயிலைப் பிடிக்க வேண்டும் என்பது மாதிரி. இதெல்லாம் அதற்கு முன் ஆயிரம் தடவை நடந்திருக்கும். ஆனால் எச்சில் ஊறுகிறது என்று எனக்குத் தெரிந்தது அன்றைக்குத்தான். அந்தப் பெண் சொன்னது ஞாபகம் வந்து ஷட்டரை மறுபடி தூக்கிவிட்டு உள்ளே போய் உட்கார்ந்தேன். மூச்சைப் பார்த்தால் இன்னும் படபடப்பு கூடியது. அதனால் செருப்பைக் கழற்றி, வெறும் காலைத் தரையில் வைத்தேன். ஆத்தங்குடிக் கல் பதித்த தரை, சில்லென்று இருக்கும். அந்தச் சில்லிப்பில் கவனத்தை வைத்தேன். எச்சில் ஊறுகிறது, பார்த்தேன். தாடை, பார்த்தேன். கூடிக்கொண்டே போய் ஒரு கட்டத்தில் இனித் தாங்காது என்று ஆகி, அப்புறம் அதுவாகவே இறங்கியது. குடிக்காமலே இறங்கும் என்பது எனக்குப் புதுச் செய்தி. அதுவரை குடித்தால் மட்டும்தான் அது அடங்கும் என்று நம்பியிருந்தேன். வேறு மாதிரி அடங்க அதற்கு நான் வாய்ப்பே கொடுத்ததில்லையே.

இதற்கு வெள்ளைக்காரர்கள் வைத்த பெயர் உந்துதல் அலை மேல் சவாரி. ஆலன் மார்லட் என்று வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் இருந்த உளவியலாளர் கொண்டுவந்தது. எதிர்த்து நின்றால் அலை அடித்துப் போட்டுவிடும், மேலே ஏறி மிதந்தால் தானே கரைக்கு வந்து உடையும் என்பது கணக்கு. பெரும்பாலும் 20, 30 நிமிஷத்தில் உச்சம் போய் இறங்கிவிடும் என்பார்கள், நாம் தீனி போடாமல் இருந்தால். காரைக்குடிக்காரன் அலைக்கு எங்கே போவான், தொண்டிக்குப் பஸ் ஏற வேண்டும். ஆனால் விஷயம் சரிதான்.

டிசம்பர் 24

"கண்ணதாசனே குடித்தார், அவர் கவிதை எழுதவில்லையா?" என்று எழுதியிருக்கும் அன்பருக்கு: நானும் இதையே பல வருடம் சொல்லிக்கொண்டு திரிந்தேன். சிறுகூடல்பட்டி எங்கள் ஊரிலிருந்து கூப்பிடு தூரம் என்பதால் கூடுதல் உரிமை வேறு. ஒரு வெண்பாகூட வரவில்லை.

டிசம்பர் 29

தம்பியை சிவகங்கையில் சேர்த்துவிட்டதாக ஆச்சி எழுதியிருக்கிறார்கள். நல்லது. ஆத்தா இன்னும் அந்தப் பத்து நாள் முகாமையே சொல்கிறார்களாம். அந்த முகாமைப் பற்றி நான் ஏதோ மட்டமாகச் சொன்னதாக இரண்டு பேர் கோபப்பட்டிருக்கிறார்கள். நான் சொன்னது நேரம் இது இல்லை என்பது மட்டும். அந்த முறையைத் தப்பு சொல்ல எனக்கு வாய் வராது, அதற்குக் காரணம் கேளுங்கள்.

அந்த முகாமில் சொல்லித் தருவது விபாசனா தியானம். அதை இந்தியாவுக்குத் திரும்பக் கொண்டுவந்தவர் கோயங்கா. மாண்டலேயில் பிறந்த மார்வாடி வியாபாரி. அவருக்குத் தீராத ஒற்றைத் தலைவலி, அதற்கு மார்ஃபின் ஊசி போட்டுக்கொண்டிருந்தார். இப்படியே போனால் மார்ஃபினுக்கே அடிமையாகிவிடுவாய் என்று டாக்டர் எச்சரித்தார். ஊர் ஊராக வைத்தியம் பார்த்துத் தீராமல் கடைசியில் ரங்கூனில் ஊ பா கின் என்பவரிடம் போய் நின்றார். 1955-இல் நடந்தது. தலைவலிக்காக வந்தேன் என்றதும் ஊ பா கின் முதலில் சேர்த்துக்கொள்ளவில்லை. உடம்பு வைத்தியத்துக்கு இங்கே வராதே, மனசைச் சுத்தம் செய்ய வருவதானால் வா என்றாராம். அந்த ஊ பா கின் சாமியார் இல்லை. பர்மா அரசாங்கத்தின் அக்கவுண்டன்ட் ஜெனரல்! நம் பாட்டையாக்கள் மொகல் தெருவில் பேரேடு எழுதிக்கொண்டிருந்த அதே ரங்கூன். அங்கிருந்து தேக்கு வந்தது, அரக்கு வந்தது, இதுவும் அப்போதே வந்திருக்கலாம், வரவில்லை. 1942-இல் போருக்குப் பயந்து ஓடி வந்தவர்கள் மூட்டையிலும் இது இல்லை. 1969-இல் கோயங்கா பம்பாயில் முதல் முகாம் நடத்தியபோதுதான் வந்து சேர்ந்தது.

ஆத்தாவிடம் இப்படிச் சொல்லுங்கள். அந்தக் குருவே வைத்தியத்துக்கு வந்தவரைச் சேர்க்க யோசித்திருக்கிறார். தம்பி முதலில் வைத்தியத்தை முடித்துக்கொண்டு, ஆறு மாதமோ ஒரு வருடமோ தெளிந்து நின்று, அவராகக் கேட்டால் போகட்டும். விண்ணப்பத்திலேயே உடல்நிலை, மனநிலை, போதைப் பழக்கம் எல்லாம் கேட்பார்கள். மறைத்து எழுதாதீர்கள்.

ஜனவரி 6

பிள்ளையார் நோன்பு முடிந்தது. இந்த வருடம் சொந்த வீட்டிலேயே இழை எடுத்துக்கொண்டேன். தெரியாதவர்களுக்கு: கோடி வேட்டி நூலில் 21 இழை சேர்த்துத் திரியாக்கி, இனிப்பு மாவில் பிள்ளையார் பிடித்து அதில் குத்தி ஏற்றி, சுடரோடு அப்படியே வாயில் போட வேண்டும்.

அந்த ஆலோசகர் சொல்லிக் கொடுத்த மூன்று நிமிஷ வேலை, கவனப் பயிற்சி (மைண்ட்ஃபுல்னஸ்) என்பதில் ஒரு துண்டு. அதன் எட்டு வார வகுப்பில் முதல் வாரப் பாடம் ஒரு உலர்திராட்சை. அதைப் பார்த்து, முகர்ந்து, காதருகே வைத்துக் கேட்டு, நாக்கில் வைத்து, ஐந்து பத்து நிமிஷம் சாப்பிடச் சொல்வார்கள். யோசனையே இல்லாமல் எதையும் வாயில் போடும் பழக்கத்தைக் காட்டிக்கொடுக்க. நான் அதை வெள்ளைப் பணியாரத்தில் செய்து பார்த்தேன். முதல் பணியாரம் நன்றாகக் கவனித்துச் சாப்பிட்டேன். அப்புறம் வரமிளகாய்த் துவையல் வந்தது. தட்டு எப்போது காலியானது என்று தெரியவில்லை.

எரியும் திரியை வாயில் போடும்போது மட்டும் யாருக்கும் மனசு அலைவதில்லை. ஆத்தங்குடியில் திராட்சைக்குப் பதில் இதையே பாடமாக வைக்கலாம்.

ஜனவரி 9

"இதற்கெல்லாம் ஆதாரம் இருக்கிறதா, இல்லை இதுவும் இன்னொரு மந்திரக் கயிறா?" என்று செக்ரி (காரைக்குடி மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம்) பக்கத்திலிருந்து ஒருவர் கேட்கிறார். அங்கே வேலை பார்ப்பவர் அப்படித்தான் கேட்பார், கேட்கவும் வேண்டும்.

2014-இல் அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் மனநல இதழில் ஒரு ஆய்வு வந்தது. சாரா போவன் என்பவரும் மார்லட்டின் மற்ற சகாக்களும் செய்தது. அப்போது மார்லட் உயிரோடு இல்லை. 286 பேரை மூன்றாகப் பிரித்தார்கள். ஒரு பகுதிக்கு வழக்கமான குழுக் கூட்டங்கள், ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் காரர்களின் 12 படிகள் முறையில். இன்னொன்றுக்கு மீண்டும் விழாமல் தடுக்கும் உளவியல் பயிற்சி, அதாவது எந்த இடம், எந்த ஆள், எந்த நேரம் ஆபத்து என்று கண்டுபிடித்துச் சமாளிக்கக் கற்பது. மூன்றாவதற்கு அதோடு கவனப் பயிற்சியும் சேர்த்து. ஆறு மாதத்தில் பின்னிரண்டும் வழக்கமானதைவிட மேல். ஒரு வருடம் கழித்துப் பார்த்தபோது, கவனப் பயிற்சி பெற்றவர்கள் போதைப் பொருள் எடுத்த நாட்களும் மொடாக்குடி குடித்த நாட்களும் மற்ற இரண்டு பகுதியினரைவிடக் குறைவு.

இதில் ஒரு விஷயத்தை எல்லோரும் தாண்டிப் போய்விடுகிறார்கள். அந்த 286 பேரும் ஏற்கெனவே முதல் கட்டச் சிகிச்சையை முடித்து வந்தவர்கள். ஆச்சிக்கு முதல் நாள் நான் எழுதியதும் அதுதான். அதற்கப்புறம் 2021-இல் காக்ரேன் அமைப்பு இந்த மாதிரி ஆய்வுகள் எல்லாவற்றையும் சேர்த்து அலசியது. பல ஆய்வுகள் சிறியவை, பலர் பாதியில் நின்றுவிட்டவர்கள், அதனால் உறுதியாக எதுவும் சொல்ல முடியாது என்பது மாதிரியான முடிவு. கெடுதல் செய்கிறது என்றும் காணவில்லை. ஆக, அற்புத மருந்து இல்லை. கைக்கு ஒரு கருவி. செக்ரிக்காரர் திருப்தியா?

ஜனவரி 17

மனசு சரியில்லாதபோதுதான் குடிக்கத் தோன்றும் என்று இங்கே எல்லோரும் எழுதுகிறீர்கள். எனக்கு அப்படி இல்லை. துக்க வீட்டில்கூடச் சமாளித்துவிடுவேன். காடு வரை போகும்போது தோளில் கை போட்டு "வாங்கண்ணே, ஒரு கட்டிங் மட்டும்" என்று தள்ளிக்கொண்டு போகிறவர்களைத் தாண்டி வந்திருக்கிறேன்.

சந்தோஷம்தான் என்னைக் கொல்லும். போன வாரம் ஒரு ஜோடி தேக்குத் தூண் நல்ல விலைக்குப் போனது. சென்னைப் பார்ட்டி, பேரமே பேசவில்லை. பணம் எண்ணி முடிக்கும் முன் எச்சில் ஊறிவிட்டது. நேற்று சிராவயல் மஞ்சுவிரட்டு. திடலில் மாடு பாய்கிறது, கூட்டம் கத்துகிறது, பக்கத்தில் நிற்பவன் வாயில் அந்த வாசனை. எனக்குக் காது சூடாகிறது. இந்தச் சூடு சந்தோஷமா உந்துதலா என்று பிரித்துப் பார்க்க முயன்றேன். பிரியவில்லை. இரண்டுக்கும் உடம்பில் ஒரே இடம். அதனால்தான் கல்யாணம், திருவிழா, வியாபாரம் முடிந்த சாயங்காலம் என்று நல்ல நாளாகப் பார்த்து விழுந்திருக்கிறேன் போல. அரை மணி நேரம் ஆட்டுக்கறிக் கடைப் பக்கம் ஒதுங்கி நின்று, சத்தத்தை மட்டும் கேட்டுக்கொண்டிருந்தேன். கண்ணை மூடவில்லை. மஞ்சுவிரட்டில் கண்ணை மூடுவது வேறு விதமான தற்கொலை.

கண்ணை மூடித்தான் செய்ய வேண்டும் என்று எந்தக் கட்டாயமும் இல்லை, இதைச் சொல்ல மறந்திருந்தேன். தம்பிக்கும் சொல்லுங்கள். குடியை நிறுத்திய புதிதில் கண்ணை மூடினால் சிலருக்கு வேண்டாத ஞாபகமெல்லாம் கிளம்பி வந்து பயமுறுத்தும். அப்படியானால் திறந்த கண்ணோடு நடந்தபடி செய்யட்டும், அல்லது பாத்திரம் கழுவிக்கொண்டு.

ஜனவரி 19

பாத்திரம் கழுவுவது என்று எழுதியதை வீட்டில் படித்துவிட்டார்கள். சிரித்த சிரிப்பு எதிர் வீட்டுக்குக் கேட்டிருக்கும்.

அவர்கள் சொன்ன ஒன்றைப் போடாமல் இருக்க முடியவில்லை. "குடிக்கும்போதும் ஒரு மூலையில உக்காந்திருந்தீங்க. இப்பவும் ஒரு மூலையில உக்காந்திருக்கீங்க. எனக்கு என்ன வித்தியாசம்?" வாசனை இல்லை என்றேன். "அது சரி. கேஸ் தீர்ந்து ரெண்டு நாளாச்சு, அதையும் கவனிச்சீங்களா?"

தியானத்தில் உட்கார்ந்தவனைத் தொந்தரவு செய்யக் கூடாது என்று வீட்டுக்குச் சட்டம் போடும் ஆம்பிளைகளுக்கு இதைச் சமர்ப்பிக்கிறேன். இப்போது என் பயிற்சி அதிகாலை, எல்லோரும் எழுவதற்கு முன், வீட்டின் இரண்டாம் கட்டுப் பகுதியில். காபி போடும் சத்தம் கேட்டதும் எழுந்துவிட வேண்டும் என்பது ஒப்பந்தம்.

பிப்ரவரி 3

பழநிக்கு மாலை போட்டால் குடி நின்றுவிடுகிறது, அப்புறம் ஏன் இந்த வெளிநாட்டுப் பயிற்சி என்று கேட்பவர்களுக்கு.

மாலை போட்டால் நிற்கிறது, உண்மை. எனக்கே நின்றிருக்கிறது, அதுவும் சிரமமே இல்லாமல். கோவில் வாசலில் மாலையைக் கழற்றிய கை காயும் முன் கிளாஸ் பிடித்த ஆட்களில் நானும் ஒருவன். முருகன் மேல் குறை சொல்லவில்லை. அந்த நாட்களில் ஏன் நாக்கு கேட்கவில்லை என்பதுதான் எனக்கு வெகுநாள் புதிர்.

2010-இல் வந்த ஒரு ஆய்வைப் பற்றிக் கேள்விப்பட்ட பிறகுதான் கொஞ்சம் விளங்கியது. இஸ்ரேலில் புகைபிடிக்கும் விமானப் பணியாளர்களிடம், பறக்கும்போது எவ்வளவு ஆசை வருகிறது என்று நேரத்துக்கு நேரம் குறிக்கச் சொன்னார்கள். குறுகிய பயணமும் உண்டு, நீண்ட பயணமும் உண்டு. சிகரெட் இல்லாமல் எவ்வளவு நேரம் ஆனது என்பதைப் பொறுத்து ஆசை ஏறவில்லை. தரையிறங்கப் போகிறோம் என்னும்போது ஏறியது. குறுகிய பயணத்தின் கடைசியில் இருந்த ஆசை, நீண்ட பயணத்தில் அதே மணிக்கணக்கில் இல்லை. கிடைக்கப் போகிறது என்று மனசுக்குத் தெரிந்தால்தான் நாக்கு கேட்கிறது.

மாலை கழுத்தில் இருக்கும்போது குடி கிடைக்காத பொருள். வாசல் மூடியிருக்கிறது, அதனால் உந்துதலும் தூங்குகிறது. உந்துதல் வராத நாட்களில் உந்துதலைச் சமாளிக்க எப்படிக் கற்றுக்கொள்வது? மாலை கழற்றும் நாள் நெருங்க நெருங்க எச்சில் ஊறும் பாருங்கள், அந்த ஓரிரு நாள்தான் பயிற்சிக்கு உகந்த நாள். அதைத்தான் நாங்கள் "இன்னும் ரெண்டு நாள்தான் மாப்ள" என்று கைதட்டிக் கழித்தோம்.

இதே கணக்குதான் வீட்டில் பூட்டி வைப்பதற்கும். ஆச்சி, தம்பி வீடு வந்ததும் வெளியே விடாமல் வைத்துக்கொள்ளலாமா என்று கேட்டீர்கள். முதல் சில வாரம் கையில் காசு குறைவாக, தனியாக விடாமல் இருப்பது நல்லது. ஆனால் வாசலைப் பூட்டிய வீட்டில் அமைதியாக இருக்கிறாரே, சரியாகிவிட்டார் என்று முடிவு கட்டிவிடாதீர்கள்.

பிப்ரவரி 13

பழநி நடந்து வந்தாயிற்று. மாலை விரதம் பற்றி அப்படி எழுதிவிட்டு நடந்தானே என்று கேட்காதீர்கள். குன்றக்குடியில் காவடியோடு கிளம்பினால் எனக்கு வேறு எதுவும் வேண்டாம்.

ஒன்று கவனித்தேன். சிங்கம்புணரி தாண்டும் வரை எல்லோரும் பேச்சு, பாட்டு, அரசியல். நத்தம் போவதற்குள் பாதத்தில் கொப்பளம் வந்து பேச்சு நின்றுவிடும். அப்புறம் அடுத்த அடி, அதற்கடுத்த அடி, அவ்வளவுதான். கவனப் பயிற்சிக்காரர்கள் நடைத் தியானம் என்று அறைக்குள் குறுக்கும் நெடுக்கும் நடக்க வைக்கிறார்கள். திண்டுக்கல் பைபாஸ் ரோட்டில் வெயிலில் வெறும் காலோடு நடந்தால் அது இலவசமாகவே வந்துவிடுகிறது. வலி இருக்கிறது, வலியைப் பற்றிய புலம்பல் தனியாக இருக்கிறது, இரண்டும் ஒன்றில்லை என்பதைக் கொப்பளம் நன்றாகவே சொல்லித் தரும். உந்துதலிலும் இதே பிரிவினைதான்: எச்சில் ஒன்று, "இனி என்னால் முடியாது" என்கிற பேச்சு இன்னொன்று.

தைப்பூசத்தன்று வள்ளலார் நினைவு நாள் என்பதால் டாஸ்மாக் கிடையாது. முந்தின நாள் சாயங்காலம் வழியில் இருந்த கடையில் நின்ற வரிசையைப் பார்த்தேன். காவடிக்கு வழிவிட்டு, கன்னத்தில் போட்டுக்கொண்டு, மறுபடி வரிசையில் சேர்ந்துகொண்டார்கள்.

பிப்ரவரி 20

அவசரம். "குடிப்பவருக்குத் தெரியாமல் சாப்பாட்டில் கலந்து கொடுக்கலாம்" என்று இங்கே ஒருவர் மாத்திரை சிபாரிசு செய்திருக்கிறார். யாரும் செய்யாதீர்கள்.

அது டைசல்ஃபிராம். சாராயம் உடம்பில் உடையும்போது அசிட்டால்டிஹைடு என்று ஒன்று உண்டாகும். சாதாரணமாக அது உடனே அடுத்த கட்டத்துக்குப் போய்விடும். இந்த மாத்திரை அதைத் தடுத்துவிடும். அப்போது குடித்தால் முகம் சிவந்து, வாந்தி, படபடப்பு, ரத்த அழுத்தம் சரிந்து ஆள் விழுவார். இதயக் கோளாறு இருந்தால் போயே போய்விடலாம். விஷயம் தெரிந்து, சம்மதித்து, டாக்டர் சொன்னபடி சாப்பிடுபவருக்கு அது உதவும், ஏனென்றால் குடித்தால் என்ன ஆகும் என்று அவருக்குத் தெரியும். தெரியாமல் கொடுத்தால் அது விஷம் வைப்பது. மாத்திரையை நிறுத்திய பிறகும் இரண்டு வாரம் வரை அதன் வேலை உடம்பில் இருக்கலாம். ஆசையைக் குறைக்க நால்ட்ரெக்சோன், அகாம்ப்ரோசேட் மாதிரி வேறு மருந்துகளும் இருக்கின்றன. எது யாருக்கு என்பது டாக்டர் வேலை.

மாத்திரை சாப்பிட்டால் தியானம் பலிக்காது என்று சொல்லும் ஆட்களும் ஊரில் இருக்கிறார்கள். மனவளக்கலை மன்றத்தில் என்னோடு துரிய தவம் செய்யும் பெரியவர் ஒருவர் சர்க்கரைக்கு, பிரஷருக்கு, தைராய்டுக்கு என்று மூன்று வேளையும் மாத்திரை போடுகிறார். அவர் தவம் கெட்டதாகத் தெரியவில்லை.

மார்ச் 4

தம்பி விழுந்துவிட்டார் என்று ஆச்சி எழுதியதைப் படித்தேன். ஒரு கல்யாண வீடு, மண்டப மாடி, பழைய கூட்டாளிகள். ராத்திரி ஒரு கட்டிங், மறுநாள் முழு பாட்டில். "எல்லாம் வீண்" என்று எழுதியிருக்கிறீர்கள்.

அந்த முதல் கட்டிங்கைவிட மறுநாள் பாட்டிலைப் பற்றித்தான் யோசிக்க வேண்டும். முழுக்க நனைந்தவனுக்கு முக்காடு எதற்கு என்று ஒரு பழமொழி வைத்திருக்கிறோமே, எத்தனை பேரைச் சாய்த்ததோ தெரியாது. முதல் கிளாஸ் இறங்கியதும் மனசு சொல்லும்: கெட்டது கெட்டுப்போச்சு, ஆத்தா அழப்போறா, நீ எதுக்கும் லாயக்கில்லை, இனி என்ன மிச்சம், ஊத்து. அவமானம் தாங்காமல் குடிப்பது, குடித்ததற்கு அவமானப்பட்டு மேலும் குடிப்பது. மார்லட் தன் பழைய ஆராய்ச்சியிலேயே இதைத் தனியாகப் பிரித்துக் காட்டினார். சறுக்கல் வேறு, முழு வீழ்ச்சி வேறு, நடுவில் இருப்பது அந்தக் குற்றவுணர்வு என்று. கவனப் பயிற்சி எனக்குக் கடையில் உதவியதைவிட இந்த இடத்தில்தான் அதிகம் உதவியிருக்கிறது. ஷட்டர் கதையைப் படித்துவிட்டு நான் அன்றோடு முனிவனாகிவிட்டேன் என்று யாரும் நினைத்திருந்தால், இல்லை. அதற்குப் பிறகும் சறுக்கியிருக்கிறேன். வித்தியாசம் என்னவென்றால், "இனி என்ன மிச்சம்" என்ற குரல் வந்தபோது அது ஒரு குரல் என்று அடையாளம் தெரிந்தது. எச்சில் ஊறுவது மாதிரி அதுவும் ஊறுகிறது. பாதி கிளாஸை வைத்துவிட்டு எழுந்து வந்த ராத்திரி உண்டு.

அதனால் நீங்களும் ஆத்தாவும் இப்போது அழுது, திட்டி, சாமி மேல் சத்தியம் வாங்காதீர்கள். சத்தியம் அடுத்த சறுக்கலுக்குக் கூடுதல் அவமானம் சேர்த்து வைக்கும், அவ்வளவுதான். எத்தனை நாள் தொடர்ந்து குடித்தார் என்று பார்த்து டாக்டரிடம் சொல்லுங்கள். பல நாள் ஓடியிருந்தால் மறுபடி கை நடுக்கம், வலிப்பு எல்லாம் வரலாம். முதல் நாள் எழுதியதெல்லாம் மறுபடி பொருந்தும். தெளிந்த பிறகு தம்பியிடம் ஒன்று மட்டும் கேளுங்கள், சண்டை போடும் குரல் இல்லாமல்: மண்டப மாடிக்கு ஏறும்போது உடம்பில் எங்கே என்ன தெரிந்தது?

மார்ச் 6

"கெண்டைக்கால்" என்றாராம். ஆச்சி, அவருக்கு வருகிறது.

மார்ச் 19

கேட்டவைக்கெல்லாம் சேர்த்துப் பதில்.

வீட்டில் இருக்கும் தசமூலாரிஷ்டம், அசோகாரிஷ்டம் எல்லாவற்றிலும் நொதித்த சாராயம் உண்டு. எடுத்து வேறு வீட்டில் வையுங்கள். சில இருமல் மருந்திலும் இருக்கும், லேபிளைப் படியுங்கள். தம்பிக்கு டாக்டர் டைசல்ஃபிராம் எழுதியிருக்கிறார் என்பதால் இது இரட்டை முக்கியம்.

பயிற்சிக்கு ஆப் எதுவும் எனக்குத் தெரிந்து அவசியமில்லை. காலையில் பத்து நிமிஷம், உந்துதல் இல்லாத நேரத்தில். உந்துதல் வந்த பிறகு முதல்முறையாக உட்கார்ந்து பார்க்கலாம் என்றால் நடக்காது. குழுக் கூட்டத்துக்கும் போகட்டும், ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் காரர்களின் பதினோராவது படியிலேயே தியானம் இருக்கிறது, அவர்களுக்கு இது அந்நியம் இல்லை.

பங்குனி உத்திரத்துக்குக் குன்றக்குடி வரலாமா என்று தம்பி கேட்கிறாராம். வரட்டும், தனியாக வேண்டாம், என்னோடு வரட்டும். செவ்வாய்க்கிழமை தவிர எந்த நாளும் மத்தியானம் 12 மணிக்கு நான் கடையில்தான் இருப்பேன். அந்த நேரத்துக்கு வரச் சொல்லுங்கள். இரண்டு எனாமல் தூக்கு துடைக்க ஆள் வேண்டும்.